வாசலும் வடிகாலும்: வீடு பற்றி வாசகர் கேள்விகள்

பொதுப்பணித் துறையில் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சிட்லபாக்கத்தில் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் கட்டிய வீட்டில் வசிக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் தாம்பரத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களிலிருந்துதான். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கிற மாதங்கள் இவை. அதனால் தண்ணீர் பற்றிய கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீடு 1988-ல் மாமனார் கட்டியது. அப்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வாசலுக்கு வருவோமாம். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஹாலில் தண்ணீர். ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம் என்கிறார் கணவர். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறான் மகன். எது சரி?
வாசகி, ராஜகீழ்ப்பாக்கம்

அம்மா, ஜாக்கியா கடப்பாரையா என்று முடிவு செய்யும் முன்னால், தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று ஒரு நல்ல மழையில் குடை பிடித்து நின்று பாருங்கள். கேட் வழியாகத் தெருத் தண்ணீர் வருகிறதா? உங்கள் மனையில் பெய்த மழையே வெளியேற வழியில்லாமல் நிற்கிறதா? இல்லை, கழிவறைக் கோப்பை வழியாகச் சாக்கடை எதிர்த்து ஏறுகிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பல வீடுகளில் மூன்றாவதுதான் முதலில் நடக்கிறது. தெருவில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வருவதற்கு முன்பே தரைத்தளக் கழிவறை பொங்கிவிடும். வெளியே போகும் குழாயில், தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் போட்டால் அது நின்றுவிடும். பிளம்பருக்கு ஒரு நாள் வேலை. சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி தரையோடு தரையாக இருந்தால் அதன் வாயை ஒன்றரை அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். குடிக்கிற தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டால், வெள்ளம் வடிந்த பிறகும் அவதி தீராது. மின் மீட்டரும் மோட்டார் ஸ்விட்சும் இடுப்பு உயரத்துக்கு மேலே போக வேண்டும். இவற்றை இந்த மழைக்கு முன்பே முடித்துவிடலாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் தெருத் தண்ணீர்தான் பிரச்சினை என்றால், ஜாக்கியைப் பற்றிப் பேசலாம். சென்னையில் இந்த வேலையைச் செய்பவர்களில் ஹரியானாவிலிருந்து வரும் குழுக்கள் அதிகம். வீட்டைச் சுற்றிலும் உள்ளேயும் சுவரை ஒட்டிப் பள்ளம் எடுத்து, அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைத் துண்டு துண்டாகக் குடைந்து, இரும்புச் சட்டங்களைக் கொடுத்து, அவற்றுக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைப்பார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். வீடு மூன்று நான்கு அடி மேலே வந்ததும் இடைவெளியைச் செங்கல்லாலும் கான்கிரீட்டாலும் நிரப்புவார்கள். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் செங்கல் சுவரே பாரம் தாங்குகிற பழைய வீடுகளுக்குச் சரியாகச் செய்தால் பலிக்கிற முறைதான். தூண் வைத்துக் கட்டிய வீடு என்றால் தூணையே அறுக்க வேண்டியிருக்கும். அந்த வேலையை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் யாரும் கூட இல்லாமல் தொடவே கூடாது.

விலை பேசும்போது சிலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. மேலே போவது சுவரும் கூரையும் மட்டும்தான். தரை கீழேயே நின்றுவிடும். உள்ளே மண் நிரப்பி, தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி, கழிவுக்குழாய், தண்ணீர்க்குழாய், எர்த்திங், படிக்கட்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். தூக்கும் செலவையும் இதையும் கூட்டிய பிறகு, புதிதாகக் கட்ட என்ன ஆகும் என்று ஒப்பிடுங்கள். 1988-ல் கட்டியது என்கிறீர்கள். கூரைக் கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்கிறதா என்று முதலில் ஒரு பொறியாளரை வைத்துப் பாருங்கள். கம்பி போயிருந்தால் தூக்குவது வீண் செலவு. உங்கள் மகன் சொல்வதே சரி. கம்பி நன்றாக இருந்தால் உங்கள் கணவர் பக்கம்தான் நான்.

தெரு உயர்ந்த கதையையும் சொல்லியாக வேண்டும். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தாரையும் ஜல்லியையும் கொட்டிக்கொண்டே போனதால் வந்த வினை இது. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் (இதற்குத்தான் மில்லிங் என்று பெயர்) புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். உங்கள் தெருவில் அடுத்த முறை சாலை போட வரும்போது நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வெளியே வந்து, "மில்லிங் செஞ்சாச்சா?" என்று கேளுங்கள். உங்கள் வாசற்படியில் தெரு மட்டத்தை ஒரு பெயிண்ட் கோடாகப் போட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு பேசுவதற்கு அது ஆதாரம்.

புதிதாகக் கட்டப் போகிறோம். பேஸ்மென்ட் (வீட்டுத் தரைக்கு அடியில் எழுப்பும் மேடை) ரோட்டிலிருந்து மூன்று அடி போதும் என்கிறார் மேஸ்திரி. ஐந்து அடி வேண்டும் என்கிறார் அண்ணன்.
வாசகர், மாடம்பாக்கம்

2015 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டுச் சுவரில் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேலே ஓர் அடி. அதுதான் உங்கள் கணக்கு. தெருக்கோடியில் தார்ச்சாலை மேடாக இருந்தால் அந்த மட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு உங்கள் வாசலில் சாலையும் அந்த அளவுக்கு உயரக்கூடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் படிக்கட்டோடு ஒரு சரிவுப் பாதைக்கும் இப்போதே இடம் விடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டை உயர்த்துங்கள், மனையை உயர்த்தாதீர்கள். பேஸ்மென்ட் கட்டுகிறேன் என்று லாரி லாரியாக கிராவல் கொட்டி, காம்பவுண்டு சுவர் வரை மேடாக்கிவிடுகிறார்கள். அப்புறம் அங்கே பெய்கிற மழை முழுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அவர்களும் வேறு வழியில்லாமல் மண் கொட்டுகிறார்கள். கடைசியில் தெருவிலேயே வசதி குறைந்த குடும்பத்தின் வீடு குளமாகிறது. வீட்டைச் சுற்றியுள்ள இடம் பழைய மட்டத்திலேயே, மண்ணாகவே இருக்கட்டும்.

வீட்டில் 30 அடி உறைக்கிணறு இருக்கிறது. கோடையில் வற்றிவிடுகிறது. போர் போட்டாகிவிட்டது. கார் நிறுத்த இடமில்லை. கிணற்றை மூடிவிடலாமா?
வாசகர், சேலையூர்

மூடாதீர்கள் ஐயா. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். உங்கள் மொட்டைமாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் விழும் தண்ணீர் ஏறக்குறைய 930 லிட்டர். சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 140 சென்டிமீட்டர் பெய்கிறது. அப்படியென்றால் உங்கள் தலைக்கு மேல் வந்து விழுவது 1,30,000 லிட்டர். இதில் பாதி கிணற்றுக்குள் போனாலும் ஐந்து டேங்கர் லாரித் தண்ணீருக்கு மேல் ஆகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கிடந்தபோது, லாரிக்குப் பதிவு செய்துவிட்டு எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது உங்களுக்கும் மறந்திருக்காது.

2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு சட்டம் போட்டபோது வீட்டுக்கு வீடு குழாய் இறக்கினார்கள். அந்தக் குழாய்கள் பல இப்போது எங்கே போய் முடிகின்றன என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. உங்கள் வீட்டில் அதைத் தேடிப் பாருங்கள். மாடிக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பும் இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி தொட்டி ஒன்று கட்டி, கீழே கூழாங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல் போடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு தனி வால்வு வேண்டும். மாடியில் ஆறு மாதமாகச் சேர்ந்த புறா எச்சமும் தூசியும் அந்த மழையோடு போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் மணலை மாற்றுங்கள். கிணற்றின் மேல் வலை போட்டு, கம்பூசியா மீன் நாலைந்து விட்டால் கொசு அண்டாது.

உங்கள் பக்கத்தில் கீழே களியும் பாறையும் கலந்திருப்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். பெசன்ட் நகர் மணல் மாதிரி உடனே உறிஞ்சாது. ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு ஏமாற்றம் அடையாதீர்கள். போர்க்குழாய்க்கும் இந்தத் தண்ணீர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கைகொடுக்கும்.

காரைப் பொறுத்தவரை, கிணற்றின் மேல் கம்பி கட்டிய கான்கிரீட் மூடி போட்டு, நடுவில் ஆள் இறங்கும் அளவு இரும்பு மூடி வைத்து நிறுத்தலாம். ஆனால் மூடியின் பாரம் உறையின் மேல் இறங்கக் கூடாது, கிணற்றுக்கு வெளியே கெட்டித் தரையில் இறங்க வேண்டும். அதை ஒரு பொறியாளர் கணக்குப் போட்டு வரைந்து தரட்டும். இன்னொன்று, கிணற்றைத் தூர்வார ஆள் இறக்கும்போது உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கிறவர்களை மட்டும் கூப்பிடுங்கள். விளக்கை இறக்கிப் பார்த்தால் போதும் என்ற பழைய நம்பிக்கை ஆளைக் கொன்றுவிடும்.

செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றிய கணக்கு. 40க்கு 60 மனையில் கிணறு ஒரு மூலை, டேங்க் எதிர் மூலை என்று வைத்தால் கிடைத்துவிடும். பின்வீட்டுக்காரரின் டேங்க் உங்கள் கிணற்றுப் பக்கம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

மழை பெய்தால் படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்கிறது. மாடியில் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. பழைய தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) போட்ட மாடி.
வாசகி, குரோம்பேட்டை

தட்டோடு மாடி என்று படித்ததுமே எனக்கு மகிழ்ச்சி. பெயிண்ட் அடிப்பதை நிறுத்துங்கள். உங்கள் தட்டோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

கான்கிரீட் தளத்துக்கு மேலே வெதரிங் கோர்ஸ் என்று ஓர் அடுக்கு உண்டு. உடைத்த செங்கல் ஜல்லியையும் நீர்த்த சுண்ணாம்பையும் கலந்து போடுவோம். மணல், சிமென்ட் எதுவும் கிடையாது. 32 பங்கு ஜல்லிக்கு பன்னிரண்டரை பங்கு சுண்ணாம்பு என்பது எங்கள் துறையின் அளவு. அதைப் பரப்பிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கும். சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே வருவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை நடுவில் தெளிப்பார்கள். ஜல்லி இறுகி, சுண்ணாம்புப் பால் மேலே மினுமினுப்பாக வரும் வரைக்கும் நாள்கணக்கில் தட்டு நிற்காது. அதன் மேல் தட்டோடு பதித்துச் சந்து பூசுவோம். வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சிமென்ட் மாதிரி உடனே விரிசல் விடாது. கீழே அறையும் குளுமையாக இருக்கும். அந்தப் பெண்கள் தட்டிய மாடிகள் முப்பது நாற்பது வருடமாக நிற்கின்றன. அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தக் கட்டடத்துக் கல்வெட்டிலும் இல்லை என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

அதனால் அம்மா, யார் வந்து "எல்லாத்தையும் பெயர்த்துட்டு கெமிக்கல் போடலாம்" என்றாலும் சம்மதிக்காதீர்கள். ஒழுகல் பெரும்பாலும் நடுமாடியில் இருக்காது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்கிற மூலையில் ஒரு மயிரிழை விரிசல் இருக்கும். மழைத்தண்ணீர்க் குழாயின் வாயில் இலை அடைத்திருக்கும். டிஷ் ஆன்டெனாவுக்கோ ஏசி ஸ்டாண்டுக்கோ தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடித்திருப்பார்கள். வெயில் நாளில் மாடியில் ஒரு பகுதியாக மண்வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். எந்தப் பகுதியில் நிறுத்தும்போது கீழே ஈரம் வருகிறதோ அங்கேதான் கோளாறு. மூலையை வெட்டிச் சுத்தம் செய்து, வளைவாகப் பூசச் சொல்லுங்கள். பெயர்ந்த தட்டோடுகளை மட்டும் மாற்றி, சந்துகளைத் திரும்பப் பூசினால் போதும். தளத்தின் சரிவு பத்தடிக்கு இரண்டங்குலமாவது இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்தும் பார்த்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் கிள்ளி எறிந்தால் மறுபடி வரும். காரையை உடைத்து வேரோடு எடுக்க வேண்டும்.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அப்பா, அம்மா இருவரும் குரோம்பேட்டையில் ஒரு கிரவுண்டு வீட்டில் தனியாக இருக்கிறார்கள். எங்கள் தெருவில் பாதி வீடுகள் ஃப்ளாட் ஆகிவிட்டன. எங்களையும் ஒரு பில்டர் கேட்கிறார். அப்பாவுக்குச் சம்மதம். அம்மா பிடிகொடுக்கவில்லை.
வாசகர், பெங்களூரு

தம்பி, முதலில் கணக்கு. 2019-ல் வந்த கட்டட விதிகளின்படி உயரமில்லாத கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. உங்கள் 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி வரை கட்டலாம். கீழே கார் நிறுத்தமும் மேலே நாலைந்து வீடுகளுமாக வரும். அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது பேரம்.

அடுத்தது இதைவிட முக்கியம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமல் இருந்தாலோ வீடுகள் எட்டுக்கு மேற்படாமல் இருந்தாலோ, ரேரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் அந்தத் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர்தான். அதாவது வேலை பாதியில் நின்றால் பதிவு பெற்ற திட்டத்துக்கு உள்ள பாதுகாப்பு உங்களுக்கு இருக்காது. நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம்தான் உங்களுக்கு வேலி. எனவே பில்டர் கொடுக்கிற வக்கீல் வேண்டாம், உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள். மூலப்பத்திரத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். விற்பதற்கான அதிகாரப் பத்திரம் அவருடைய பங்குக்கு மட்டும், அதுவும் வேலை வளர வளரப் பகுதி பகுதியாக. எத்தனை மாதத்தில் முடிக்க வேண்டும், தாமதமானால் மாதம் என்ன தர வேண்டும், அதுவரை அப்பா அம்மாவின் வாடகை யார் பொறுப்பு என்று எல்லாமே எழுத்தில் வரட்டும். எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவாக இருக்கிற பிரிபடாத நிலத்தில் உங்கள் பங்கு எத்தனை சதுர அடி என்று எண்ணாலும் எழுத்தாலும் இருக்க வேண்டும்.

இப்போது அம்மா. ஏன் பிடிகொடுக்கவில்லை என்று கேட்டீர்களா? பின்கட்டில் துணி துவைக்கிற கல், கறிவேப்பிலை, மல்லிகைப் பந்தல், பால்காரருக்குக் குரல் கொடுக்கிற ஜன்னல், சாயங்காலம் வந்து வாசலில் உட்காருகிற எதிர்வீட்டு மாமி. அவர் நாள் முழுக்க இவற்றுக்கு நடுவில்தான் ஓடுகிறது. இரண்டு வருடம் வாடகை வீட்டில் வைத்துவிட்டு மூன்றாவது மாடிக்குக் கூட்டி வந்தால், எழுபது வயதுக்கு மேல் அதை அவர் மறுபடியும் சம்பாதிக்க முடியாது. பில்டர் தரும் தாளில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை, ஆனால் இதுவும் சொத்துதான் என்று நான் நம்புகிறேன்.

அவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கவலை என்றால் வேறு வழி உண்டு. மாடியில் ஓர் அறை, சமையலறை, குளியலறை தனி வாசலோடு கட்டி, ஒரு சின்னக் குடும்பத்தை வாடகைக்கு வையுங்கள். கீழே குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, படிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய். ராத்திரி ஏதாவது என்றால் மாடியில் ஆள் இருக்கும். அப்பாவின் சம்மதத்துக்குக் காரணம் பணத்தேவையா, பராமரிப்பு அலுப்பா என்பதையும் ஊருக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனில் கேட்காதீர்கள்.

பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் பக்கம் சாய்ந்து மட்டையும் தேங்காயும் விழுகிறது. வேர் அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிடும் என்று பயமாகவும் இருக்கிறது. வெட்டச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.
வாசகி, அஸ்தினாபுரம்

தென்னையின் வேர் சல்லி வேர். அஸ்திவாரத்தைப் பிளக்கும் தடிமன் அதற்கு வராது, அந்தப் பயத்தை விடுங்கள். விழுகிற தேங்காய்தான் ஆபத்து. மரம் ஏறுகிறவரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்துக் காய்ந்த மட்டையையும் குலையையும் இறக்கச் சொல்லுங்கள். கூலியில் பாதியை நீங்கள் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "மரத்தை வெட்டுங்க" என்று போய் நிற்பதற்கும் "ஏறுகிறவர் வந்திருக்கார், நம்ம மரத்தையும் பார்த்துடலாமா அக்கா" என்று போய் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நீங்கள் மரம் வைப்பதென்றால் பூவரசு, புங்கம், வேம்பு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் வேரோடு சாய்ந்து கிடந்த மரங்களில் தூங்குமூஞ்சியும் குல்மோகரும் ஏராளம். வீட்டுச் சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியாவது தள்ளி வையுங்கள்.

சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே கட்டட அனுமதி கிடைக்கிறதாமே? நம்பலாமா?
வாசகர், பெருங்களத்தூர்

நம்பலாம். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டு வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி என்றால் பொருந்தும். ஆனால் சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். பக்கவாட்டில் விடவேண்டிய இடத்தை விட்டதாகச் சொல்லிவிட்டு சுவரை ஒட்டிக் கட்டினால் பின்னால் மாட்டுவதும் நீங்கள்தான். அந்த இடம் காற்றுக்கும், தீப்பிடித்தால் ஆள் ஓடுவதற்கும், மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதற்கும் விடுகிற இடம். சிமென்ட் பூசி மூடாதீர்கள்.

செம்பாக்கம் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறோம். அங்கீகாரம் இருக்கிறது, விலையும் படிகிறது. ஆனால் ஏரி பக்கத்தில் இருக்கிறது. வாங்கலாமா?
வாசகர், பல்லாவரம்

ஏரி பக்கத்தில் இருப்பது குற்றமில்லை. நானே ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன், காலையில் அதன் கரையில்தான் நடக்கிறேன். தண்ணீர் வருகிற வழியிலோ போகிற வழியிலோ உங்கள் மனை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்றோடொன்று கோர்த்தவை. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால், மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலங்கல் வழியாகச் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலுக்குப் போகும். இடையில் உள்ள கால்வாய்கள் எத்தனை இடத்தில் குறுகி, எத்தனை இடத்தில் தெருவாகவே மாறிவிட்டன என்பதை மழை பெய்யும்போதுதான் பார்க்க முடியும். 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு கிரவுண்டு மனையில் மட்டும் விழுந்த தண்ணீர் 1,09,000 லிட்டர். ஒன்பது லாரித் தண்ணீர், ஒவ்வொரு மனையிலும். அது போக வேண்டிய கால்வாயை மறித்துக் கட்டிய வீட்டுக்கு எந்தப் பேஸ்மென்ட் உயரமும் போதாது.

அங்கீகாரம் இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். சர்வே எண்ணை வாங்கி, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ஏ பதிவேட்டில் அந்த நிலம் என்னவென்று பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். நில அளவை வரைபடமான புலப்படத்தில் உங்கள் மனையை ஒட்டி வாய்க்கால், ஓடை என்று கோடு போகிறதா என்று பாருங்கள். லேஅவுட் வரைபடத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் நேரில் காலியாக இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் பத்து சதவீத இடத்தை உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். அதையே வளைத்து விற்றிருந்தால் மற்றதையும் சந்தேகப்படலாம். சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் 2021-லிருந்து தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன. மழைநீர் வடிகால் அந்தத் தெருவில் போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் எங்கே போய்ச் சேருகிறது என்று மண்டல அலுவலகத்தில் கேட்கலாம். பல இடங்களில் வடிகால் தெருக்கோடியில் அப்படியே நின்றுபோயிருக்கும்.

அப்புறம், தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் பால் போடுகிறவரிடமும் பேசுங்கள். வருடக்கணக்காக எந்த வாசலில் தண்ணீர் நிற்கும், எந்த வாசலில் நிற்காது என்று புரோக்கரைவிட அவர்களுக்குத்தான் தெரியும். கார்த்திகை வரை பொறுத்திருங்கள். விடிய விடியப் பெய்த ஒரு மழைக்கு மறுநாள் காலையில் போய் அந்த மனையைச் சுற்றி வாருங்கள். விற்கிறவர் அதற்குள் அட்வான்ஸ் கேட்டு நெருக்கினால் இந்த மனையை விட்டுவிடுங்கள்.